தின்ற கேக் தட்டில் இருக்குமா?

போன மாதம் அக்கா மகள் ஆங்கிலப் பாடப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மரபுத்தொடர்கள் இருந்த பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே பென்சிலால் இரண்டு கோடு இழுத்திருந்தாள். "யூ கான்ட் ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ."

"மாமா, இதுக்கு என்ன அர்த்தம்?"

"ரெண்டும் சேர்ந்து நடக்காது, ஏதாவது ஒண்ணைத்தான் எடுத்துக்கணும்னு அர்த்தம்மா."

"அதான் புக்லயே போட்டிருக்கே. கேக் கையில இருந்தாத்தானே சாப்பிட முடியும்? அப்புறம் ஏன் முடியாதுங்கறாங்க?"

சரியான கேள்வி. நம்மில் பலரும் பள்ளியில் இந்தத் தொடரின் பொருளை மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க் வாங்கிவிட்டு வந்துவிட்டோம். கேக்குக்கும் அந்தப் பொருளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே வளர்ந்த பிறகும் இதைக் கேட்டுக் குழம்புகிறார்கள். கேக் என்பதே தின்பதற்குத்தானே? கையில் வைத்திருப்பவன்தானே தின்ன முடியும்?

குழப்பம் கேக்கில் இல்லை. "ஹேவ்", "அண்ட்" என்ற இரண்டு சின்னச் சொற்களில் இருக்கிறது.

முதலில் இந்தத் தொடரை எங்கே சொல்வார்கள் என்று பார்த்துவிடலாம். ஒருவர் வீட்டை விற்கிறார். விற்ற பணம் முழுசாகக் கைக்கு வரவேண்டும், அதே வீட்டில் வாடகை கொடுக்காமல் தொடர்ந்து குடியிருக்கவும் வேண்டும் என்கிறார். ஒன்று நடந்தால் மற்றது நடக்காது. அங்கே சொல்லலாம். நிரந்தர வேலையின் பாதுகாப்பும் வேண்டும், நினைத்தபோது வருவேன் போவேன் என்கிற சுதந்திரமும் வேண்டும் என்பவரிடம் சொல்லலாம். "ஒரே கல்லில் இரண்டு மாங்காய்" என்பதோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழ வாய்ப்பு உண்டு, விழுந்தால் சாமர்த்தியம். கேக் விஷயத்தில் சாமர்த்தியத்துக்கே இடமில்லை. ஒன்று நடந்த கணத்திலேயே மற்றொன்று இல்லாமல் போய்விடுகிறது.

இப்போது "ஹேவ்". ஆங்கிலத்தில் இந்த ஒரு சொல் சுமக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. "ஐ ஹேவ் எ பைக்" என்றால் என்னிடம் பைக் இருக்கிறது. "ஐ ஹேட் இட்லி" என்றால் இட்லி சாப்பிட்டேன். நம் ஊரில் பேசும் ஆங்கிலத்தில் சாப்பாட்டுக்கான ஹேவ் காதில் அதிகமாகவே விழும். "ஹேவ் டீ", "ஹேவ் யுவர் ஃபுட்" என்போம். விருந்தினர் முன்னால் தட்டை நீட்டி "ஹேவ் சம் ஸ்வீட்" என்போம். அப்படிப் பழகிய காதுக்கு "ஹேவ் யுவர் கேக்" என்பது "கேக்கைச் சாப்பிடு" என்றே கேட்கிறது. அதற்கடுத்து "ஈட் இட்" என்றும் வந்தால், சாப்பிட்டதையே எப்படி மறுபடி சாப்பிடுவது என்று மனம் தடுக்கி நிற்கிறது.

இந்தத் தொடரில் வரும் ஹேவ், சாப்பிடுவதைக் குறிக்கவில்லை. கையில் கிடைப்பதையும் குறிக்கவில்லை. வைத்திருப்பதைக் குறிக்கிறது. அதாவது செலவழிக்காமல், உடைக்காமல், அப்படியே பத்திரமாக வைத்திருப்பது. "கேக் உன்னிடம் இருந்துகொண்டே இருக்கவும் வேண்டும், அதை நீ தின்றிருக்கவும் வேண்டும், இரண்டும் நடக்குமா?" என்பதே கேள்வி.

அடுத்தது "அண்ட்". இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தமிழில் இரண்டு செயல்களைச் சேர்த்துச் சொல்லத் தனித்தனிக் கருவிகள் உண்டு. "குளித்துச் சாப்பிட்டான்" என்றால் குளியல் முதலில், சாப்பாடு பிறகு. "சாப்பிட்டுக் குளித்தான்" என்று மாற்றினால் வரிசையே மாறிப்போகிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் திட்டும் விழும். வினையெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அது செய்கிற வேலை இது. எது முந்தி, எது பிந்தி என்று அது காட்டிவிடும். வரிசை முக்கியமில்லை, இரண்டும் வேண்டும் என்பது மட்டுமே சொல்லவேண்டிய சேதி என்றால் "உம்" போடுகிறோம். "குளிக்கவும் வேண்டும், சாப்பிடவும் வேண்டும்." இது எண்ணும்மை. எதை முன்னால் சொன்னாலும் பொருள் மாறாது.

ஆங்கிலத்தின் "அண்ட்" இந்த இரண்டு வேலையையும் தானே பார்க்கிறது. சில இடங்களில் அது "உம்". சில இடங்களில் அது "செய்து, பிறகு". கேட்பவர்தான் எந்த வேலை என்று ஊகிக்க வேண்டும். "ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட்" என்றதும் நம் மனம் அதை வினையெச்சமாக எடுத்துக்கொள்கிறது. "கேக்கை வைத்திருந்து, பிறகு தின்பது." இதில் நடக்க முடியாதது என்ன இருக்கிறது? தினமும் நடப்பதுதானே! அதனால்தான் அந்தப் பிள்ளைக்குக் குழப்பம் வந்தது. தொடர் கேட்பது எண்ணும்மையை. "வைத்திருக்கவும் வேண்டும், தின்னவும் வேண்டும்." வரியின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் "டூ" அந்த உம்மைக்காக வந்ததுதான். பேச்சில் அந்த "டூ" பல நேரம் உதிர்ந்துவிடுகிறது. அப்போது குழப்பம் இன்னும் கூடுகிறது.

ஒன்று செய்து பாருங்கள். வரிசையைத் திருப்புங்கள். "யூ கான்ட் ஈட் யுவர் கேக் அண்ட் ஹேவ் இட் டூ." கேக்கைத் தின்றுவிட்டு, அதற்கப்புறமும் அதை வைத்திருக்க முடியாது. இப்போது வினையெச்சமாகப் படித்தாலும் சரி, எண்ணும்மையாகப் படித்தாலும் சரி, பொருள் பளிச்சென்று நிற்கிறது. முடிச்சு தானாக அவிழ்ந்துவிட்டது.

இந்தத் திருப்பிய வடிவம் நான் கண்டுபிடித்ததல்ல. பல தலைமுறைகள் ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லிவந்தார்கள். 1546ஆம் ஆண்டு ஜான் ஹேவுட் என்பவர் ஆங்கிலப் பழமொழிகளையெல்லாம் ஓர் உரையாடலுக்குள் கோத்து ஒரு நூல் வெளியிட்டார். "ரோம் ஒரே நாளில் கட்டப்பட்டதல்ல" என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அதுவும் அந்த நூலில் இருக்கிறது. அதில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, உனக்கென்ன பித்தா, கேக்கைத் தின்னவும் வேண்டும், கேக்கை வைத்திருக்கவும் வேண்டுமா என்ற பொருளில் கேட்கிறார். தின்பது முதலில் வருகிறது. கேக் என்ற சொல் இரண்டு முறை வருகிறது, "அதை" என்று சுருங்கவில்லை. இரண்டு முறை சொன்னதும் இரண்டு தனித்தனி ஆசைகள் கண்முன் வந்துவிடுகின்றன. கவிஞர் ஜான் கீட்ஸ் 1819இல் புகழைப் பற்றி எழுதிய ஒரு பதினான்கு வரிக் கவிதையின் தலைமாட்டில் இதே பழமொழியை வைத்தார். அங்கேயும் தின்பதுதான் முதலில்.

ஆனால் இப்போது புழங்கும் வரிசை பிற்காலத்தில் யாரோ செய்த பிழை என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பதிவுகளில் ஹேவுட்டுக்கும் முந்தியது 1538 மார்ச் மாதத்துக் கடிதம் ஒன்று. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் நார்ஃபோக் கோமகனாக இருந்த தாமஸ் ஹவர்ட், அரசரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல்லுக்கு எழுதியது. ஒரு மனிதன் தன் கேக்கை வைத்திருந்து தன் கேக்கைத் தின்ன முடியாது என்று அதில் எழுதுகிறார். அங்கே வைத்திருப்பதுதான் முதலில் வருகிறது. (இரண்டே ஆண்டுகளில், 1540 ஜூனில், க்ராம்வெல்லை வீழ்த்தியவர்களில் முன்வரிசையில் நின்றவர் இந்த நார்ஃபோக்தான். ஜூலையில் க்ராம்வெல்லின் தலை போயிற்று. அந்த அரசவையில் எதையும் யாரும் நெடுநாள் வைத்திருக்க முடிந்ததில்லை.) ஆக, இரண்டு வரிசைகளும் பழையவைதான். ஆனால் நெடுங்காலம் செல்வாக்கோடு இருந்தது தின்பதை முன்னால் சொல்லும் வடிவம். அச்சில் வந்த நூல்களை எண்ணிப் பார்த்தவர்கள், 1930களிலும் 40களிலும்தான் தராசு மறுபக்கம் சாய்ந்தது என்கிறார்கள். ஒரு வடிவம் காதுக்கு இனிமையாக ஓடினால் போதும், பொருள் தடுக்கினாலும் மக்கள் அதையே எடுத்துக்கொள்வார்கள். எந்த மொழியிலும் இது நடப்பதுதான்.

அந்தக் காலத்துக் கேக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கேக் என்றதும் நம் கண்முன் வருவது க்ரீம் பூசி, மெழுகுவர்த்தி செருகி, பெயர் எழுதிய பிறந்தநாள் கேக். 1500களின் இங்கிலாந்தில் கேக் என்றால் பெரும்பாலும் சின்னதாக, தட்டையாக, வட்டமாகச் சுட்ட ஒரு வகை ரொட்டி. இரண்டு பக்கமும் திருப்பிப்போட்டு மொரமொரவென்று சுட்டது. ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் மாவில் சுடும் ஓட்கேக் இன்றும் ஏறத்தாழ அந்த உருவில்தான் இருக்கிறது. ஆல்ஃப்ரெட் அரசர் அடுப்படியில் யோசனையில் மூழ்கிக் கேக்குகளைக் கருக விட்டார் என்று ஆங்கிலக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் வருவதும் இந்த ரொட்டிதான். இது தெரிந்த பிறகு எனக்கு அந்தப் பழமொழியின் நிறமே மாறிவிட்டது. அலமாரியில் ஒரு ரொட்டி இருக்கிறது. இன்றைக்குத் தின்றால் நாளைக்கு இல்லை. நாளைக்கு வேண்டுமென்றால் இன்றைக்குப் பசியோடு படுக்க வேண்டும். ஆடம்பரத்தை வைத்துச் சொன்ன பேச்சு அல்ல இது. அடுத்த வேளையைக் கணக்குப் போட்டு வாழ்ந்தவர்களின் வாயில் உருண்ட பேச்சு.

இந்த வரிசை விவகாரம் அமெரிக்காவில் ஒரு பெரிய குற்ற வழக்குக்குள்ளும் வந்து சேர்ந்தது.

1978 முதல் 1995 வரை அமெரிக்காவில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கும், விமான நிறுவனங்களோடு தொடர்புள்ளவர்களுக்கும், வேறு சிலருக்கும் குறிவைத்து 16 வெடிகுண்டுகள் வந்தன. பல தபாலில் வந்தவை. 3 பேர் இறந்தார்கள், 23 பேர் காயமடைந்தார்கள். அனுப்பியவர் யார் என்று எஃப்பிஐ பதினேழு ஆண்டுகள் தேடியது. "யூனபாம்பர்" என்பது பத்திரிகைகளில் அவருக்கு நிலைத்த பெயர். 1995இல் அவரே முன்வந்து ஒரு நிபந்தனை வைத்தார். தொழில்மயச் சமூகத்துக்கு எதிராகத் தான் எழுதிய சுமார் 35,000 சொற்கள் கொண்ட அறிக்கையைப் பெரிய பத்திரிகை வெளியிட்டால் கொலைகளை நிறுத்துவேன் என்றார். நீண்ட யோசனைக்குப் பிறகு 1995 செப்டம்பர் 19 அன்று வாஷிங்டன் போஸ்ட் அதை வெளியிட்டது.

அந்த அறிக்கையின் 185ஆம் பத்தியில் இந்தப் பழமொழி வருகிறது. தொழில்மயத்தை ஒழித்தால் சில கெடுதல்களும் வரத்தான் செய்யும் என்பதற்காக அதை எழுதியிருந்தார். எழுதிய வரிசைதான் விசேஷம். தின்பது முதலில், வைத்திருப்பது பிறகு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் எல்லோர் வாயிலும் மறு வரிசைதான் இருந்தது. எஃப்பிஐயில் இந்த எழுத்துகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு இது உறுத்தியது. தவறாக எழுதிவிட்டாரோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பழைய சொல்வழக்கைப் பார்த்தால், அவர் எழுதியதில்தான் பொருள் நேராக நிற்கிறது.

அறிக்கை அச்சில் வந்த பிறகு டேவிட் கஜின்ஸ்கி என்பவரும் அவருடைய மனைவியும் அதைப் படித்தார்கள். எழுத்து நடை டேவிட்டின் அண்ணன் டெட் கஜின்ஸ்கியை நினைவூட்டியது. பதினாறு வயதில் ஹார்வர்டில் சேர்ந்த கணித மேதை அந்த அண்ணன். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருந்து, 1969இல் வேலையை உதறிவிட்டு, பிறகு மொன்டானா மாநிலத்துக் காட்டில் மின்சாரமும் தண்ணீர்க் குழாயும் இல்லாத ஒரு சிறு மரக்குடிலில் தனியே வாழ்ந்துகொண்டிருந்தார். வீட்டில் இருந்த அவருடைய பழைய கடிதங்களை எடுத்து அறிக்கையோடு ஒப்பிட்டார்கள். அதே சொற்கள், அதே வாதங்கள். கேக்கும் இருந்தது, அதே பழைய வரிசையில். 1996 ஏப்ரல் 3 அன்று அந்தக் குடிலில் டெட் கஜின்ஸ்கி கைதானார்.

ஒரே ஒரு பழமொழியை வைத்து அவரைப் பிடித்துவிட்டார்கள் என்று சிலர் கதை கட்டுவார்கள். அப்படி இல்லை. ஒரு தொடரை யார் வேண்டுமானாலும் எழுதலாம். பழைய எழுத்துக்கூட்டல், அவருக்கே உரிய சொல்தேர்வு, திரும்பத் திரும்ப வந்த வாதங்கள் என்று பல ஒற்றுமைகள் சேர்ந்துதான் குடிலைச் சோதனையிட அனுமதி வாங்கித் தந்தன. அந்தக் குவியலில் கேக்கும் ஒன்று. ஆனாலும் சொந்தத் தம்பி, தன் அண்ணனின் எழுத்தை அச்சில் கண்டு, அந்தப் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்த நாட்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

சமீப காலத்தில் இந்தத் தொடரை உலகம் முழுக்கக் கேட்க வைத்தது ப்ரெக்ஸிட். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவது என்று 2016 ஜூனில் பிரிட்டன் வாக்களித்தது. விலகவும் வேண்டும், ஒன்றியத்தின் சந்தையில் கிடைக்கும் சலுகைகளும் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சன், கேக்கை வைத்திருந்து தின்பதே எங்கள் கொள்கை என்று வெளிப்படையாகவே சொன்னார். அக்டோபரில் ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் பதில் கொடுத்தார். ஒரு கேக்கை வாங்குங்கள், தின்னுங்கள், பிறகு தட்டில் அது இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள் என்றார். பழமொழியை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. வாங்குவது, தின்பது, பார்ப்பது என்று மூன்று படிகளாகப் பிரித்துப்போட்டதில் "அண்ட்" செய்த குழப்பம் முழுக்கக் கரைந்துவிட்டது.

நவம்பரில் லக்சம்பர்க் பிரதமர் சேவியர் பெட்டல் இன்னொரு படி போனார். அவர்களுக்குக் கேக்கும் வேண்டும், அதைத் தின்னவும் வேண்டும், கூடவே ரொட்டிக்கடைக்காரரின் புன்னகையும் வேண்டும் என்றார். அந்தப் புன்னகை ஆங்கிலத்தின் சரக்கு அல்ல, பிரெஞ்சுக்காரர்களின் சரக்கு. அவர்கள் கேக் என்று சொல்வதில்லை. வெண்ணெயும் வேண்டும், வெண்ணெய் விற்ற காசும் வேண்டும் என்பார்கள். அதோடு வெண்ணெய்க்காரியின் புன்னகையும் வேண்டும் என்று நீட்டியும் சொல்வார்கள். பெட்டல் அதைக் கேக்கில் தடவிக் கொடுத்தார்.

ஐரோப்பாவில் ஒவ்வொருவர் வாயிலும் இந்தக் கேக்குக்குப் பதிலாக ஒவ்வொரு பண்டம். இத்தாலியர்கள், பீப்பாய் நிறைய ஒயினும் வேண்டும், மனைவிக்குப் போதையும் ஏற வேண்டும் என்பார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு ஐந்து காசு நாணயமும் வேண்டும், அதைக் கொடுத்து வாங்கும் பன்னும் வேண்டும். ரஷ்யர்களுக்கு மீன் தின்ன வேண்டும், ஆனால் தண்ணீரில் இறங்கக் கூடாது.

நமக்கு? "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று பாடநூல்கள் இணைவைக்கும். நல்ல இணைதான். மீசை நனையாமல் கூழ் குடிக்க முடியாது. ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றல்ல என்று தெரியும். கூழும் மீசையும் இரண்டு தனிப் பொருள்கள், ஒன்றுக்கொன்று இடைஞ்சல், அவ்வளவுதான். கூழைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்ளலாம். தின்ற கேக்கை எந்தத் துணியாலும் மீட்க முடியாது. அந்த ஆங்கிலத் தொடரின் உயிர், ஒரே பொருள் தீர்ந்துபோவதில் இருக்கிறது. அதற்கு இன்னும் பக்கத்தில் வருவது விதைநெல் என்று நினைக்கிறேன். பத்தாயத்தில் இருக்கும் விதைநெல்லைக் குத்திச் சோறாக்கித் தின்றுவிட்டால் ஆடியில் விதைக்க ஒன்றும் இருக்காது. அலமாரியில் ஒற்றை ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த 1500களின் ஆங்கிலேயருக்கு, கூழையும் மீசையையும்விட விதைநெல்தான் சட்டென்று புரிந்திருக்கும்.

இவ்வளவையும் அவளிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. வரிசையைத் திருப்பி எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தம்பி பிறந்தநாள் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு வெட்டிய கேக்கின் மேலிருந்த க்ரீம் ரோஜாவை மட்டும் தனியே எடுத்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பூட்டி வைத்திருந்தாள். ஓரம் காய்ந்து, சிவப்பு வெளுத்து, ஒரு இதழ் டப்பாவின் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, அப்போ நான் மூணு நாளா இதை ஹேவ் பண்ணிட்டு இருக்கேன். சரியா?"

"சரி."

பாடப்புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: "தின்னுட்டு வெச்சிருக்க முடியாது." பிறகு அடுப்படிக்குப் போய் ஸ்பூனை எடுத்துவந்தாள்.